வாடிக்கையாளரின் கல்யாண வீடியோவை அனுப்ப 'புரோ' மென்பொருள் தேவையா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் சிறிய ஸ்டூடியோ ஒன்று நடத்துகிறேன். திருமணம், பூப்புனித நீராட்டு விழா வீடியோக்களைக் கிண்ணியாவிலுள்ள எடிட்டருக்கு அனுப்ப வேண்டியுள்ளது. கணினி திருத்தும் கடைக்காரர், காசு கட்டி வாங்க வேண்டிய டொரன்ட் மென்பொருளின் 'புரோ' பதிப்பைக் குறைந்த விலையில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். திறந்த மூல மென்பொருளைப் போட்டால் வாடிக்கையாளரின் படங்களை எவரும் பார்த்துவிடலாம் என்றும் பயமுறுத்துகிறார். இது உண்மையா? இலவசமானவற்றில் எதை நம்பலாம்?

பதில்: உண்மையல்ல. திறந்த மூல மென்பொருளில் எவரும் பார்க்கக்கூடியது அந்த மென்பொருள் எழுதப்பட்ட நிரலைத்தான். உங்கள் கோப்புகளை அல்ல. நிரலை உலகெங்குமுள்ள வல்லுநர்கள் படித்துப் பார்க்க முடிவதால், அதற்குள் திருட்டு வேலை எதையும் ஒளித்து வைப்பதுதான் கடினமாகிறது. உங்கள் வேலைக்கு, இரு கணினிகளிலுள்ள கோப்புறைகளை இணையம் வழியாக ஒன்றுபோல வைத்திருக்கும் சின்க்திங் என்ற மென்பொருள் போதும். 2013 முதல் வெளிவருகிறது, விலையில்லை, விளம்பரமில்லை. இதே வேலையைச் செய்யும் வணிக மென்பொருளான ரெசிலியோ சின்க்குக்கு மாற்றாகப் பலரும் பயன்படுத்துவது இதைத்தான்.

கடைக்காரர் சொல்லும் டொரன்ட் உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. நிரலாளர் பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டொரன்ட் முறை, ஒரே கோப்பை ஆயிரக்கணக்கானோர் தமக்குள் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்வதற்காக உருவானது. இறக்க வருபவர் யார் என்று அது விசாரிப்பதில்லை. இணைப்புச் சுட்டி யார் கைக்குப் போகிறதோ அவர் இறக்கிக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தின் திருமணக் காட்சிகளை அவ்வாறு வெளியே விடுவது தகாது. காசு கட்டி வாங்கும் பதிப்பிலும் இந்த நிலை மாறாது, விளம்பரம் மறையும், சில வசதிகள் கூடும், அவ்வளவுதான். உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போன்ற பொதுக் கோப்புகளை இறக்க டொரன்ட் தேவைப்பட்டால், 2006இல் தொடங்கிய க்யூபிட்டொரன்ட் இருக்கிறது. அதுவும் திறந்த மூலம்தான்.

இனி அந்தக் கடைக்காரரின் விடயத்துக்கு வருகிறேன், ஏனெனில் ஆபத்து உண்மையில் அங்கேதான் இருக்கிறது. காசு கட்டி வாங்க வேண்டிய மென்பொருளை அதில் ஒரு பங்கு விலைக்கு ஒருவர் 'போட்டுத் தருகிறார்' என்றால், அவர் போடுவது பெரும்பாலும் உரிமப் பூட்டை உடைத்த களவுப் பிரதியாகவே இருக்கும். அதை நிறுவுவதற்கு முன் வைரஸ் காவலை நிறுத்துவார்கள். பிறகு அந்தக் காவல் எச்சரிக்காதபடி, பிரதியை அதன் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். உங்கள் கணினியை ஏற்கெனவே அவரிடம் கொடுத்திருந்தால், விண்டோஸோடு வரும் வைரஸ் காவலான விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்ற விதிவிலக்குப் பகுதியில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஒரு கோப்புறை, அதிலும் முழு சி டிரைவே, அங்கே இருக்குமானால், வீட்டு வாசற்கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பொருள். வேறிடத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற தொலைநிலை மென்பொருள், உங்களுக்குத் தெரியாத கடவுச்சொல்லோடு, கணினி தொடங்கும்போதே இயங்கும்படி விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 'பிறகு ஏதும் பிழை வந்தால் கடையிலிருந்தே பார்க்கலாம்' என்று சொல்லித்தான் அதை விட்டுச் செல்வார்கள். வாடிக்கையாளர் படங்களைப் பிறர் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படுபவர் முதலில் மூட வேண்டிய வழி அதுதான்.

பூட்டுடைத்த பிரதியைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கும் முரணானது. அச்சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. கடைக்காரரிடம் அந்த மென்பொருளின் பெயரையும் உரிம இலக்கத்தையும் எழுதிப் பற்றுச்சீட்டு கேட்டுப் பாருங்கள். தரமாட்டார்.

இணையத்தில் நீங்களாகவே தேடி இறக்கும்போதும் இடைத்தரகர்கள் நிற்கிறார்கள். தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக வருவதை அழுத்த வேண்டாம். ஷரேஸா என்ற திறந்த மூலப் பகிர்வு மென்பொருளின் இணைய முகவரி 2007இன் இறுதியில் வேறொரு தரப்பின் கைக்குப் போய், அதே பெயரில் முற்றிலும் வேறான மென்பொருள் அங்கே வைக்கப்பட்டது. பழைய முகவரிதானே என்று நம்பிப் போனவர்களுக்கு அதுவே கிடைத்தது. வணிகப் பக்கத்திலும் நிலைமை திறமில்லை. யூடொரன்ட் என்ற வணிக டொரன்ட் மென்பொருளின் நிறுவியோடு, கணினியின் ஆற்றலைக் கொண்டு கிரிப்டோ நாணயம் தோண்டும் மென்பொருள் ஒன்று வந்து சேர்ந்ததாக 2015இல் பயனர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆகவே சின்க்திங்கை அதன் சொந்தத் தளமான சின்க்திங் டொட் நெட்டிலிருந்து மட்டும் இறக்குங்கள். கடைக்காரரின் பென் டிரைவிலிருந்து வேண்டாம்.

இலவசம் என்றால் தரமற்றது என்ற எண்ணத்தை நம் ஊரில் யார் விதைத்தார்களோ தெரியவில்லை. 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையைச் சூறையாடிய பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்வதற்காக இலங்கைக் கணினி வல்லுநர்கள் தன்னார்வமாக எழுதிய சகானா ஒரு திறந்த மூல மென்பொருள். 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. இப்படியொன்று இந்த நாட்டிலேயே பிறந்திருக்க, கணினி வகுப்புகள் பலவும் இன்னமும் பூட்டுடைத்த பிரதிகளில் பாடம் நடத்திக்கொண்டிருக்கின்றன. அங்கே படித்து வந்தவர்தான் நாளைக்குக் கடை திறக்கிறார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

சின்க்திங்கை இரு கணினிகளிலும் நிறுவியதும், ஒவ்வொன்றுக்கும் ஏழேழு எழுத்துகளாக எட்டுத் தொகுதி கொண்ட நீண்ட அடையாளம் ஒன்று கிடைக்கும். எடிட்டரின் அடையாளத்தை நீங்களும் உங்களுடையதை அவரும் சேர்த்து, பகிரும் கோப்புறையை அவர் ஏற்றுக்கொண்டால்தான் கோப்பு நகரும். மூன்றாமவர் எவரும் நுழைய முடியாது. கோப்புகள் வழியில் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கத்தோடு போகின்றன, இடையில் எந்த நிறுவனத்தின் சேமிப்பகத்திலும் தங்குவதில்லை. அதனாலேயே இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். இணைப்பு அறுந்தாலும் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணத்தின் முழு மூலக் காட்சிகளையும் இணையத்தில் அனுப்ப முனையாதீர்கள். 100 ஜிகாபைட்டை, நொடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற வேகமுள்ள இணைப்பில் அனுப்பினால், இடைவிடாமல் ஓடினாலும் ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும். 4ஜி ரவுட்டர் என்றால் கணினிகள் நேரடியாகச் சந்திக்க முடியாமல் இடைநிலைக் கணினி வழியாகப் போக நேர்ந்து இன்னும் தாமதமாகலாம், மாத டேட்டாவும் கரைந்துவிடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின் பஸ்ஸிலேயே போய் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து வருவது இதைவிட விரைவு. கொண்டுபோன கோப்புகளை எடிட்டர் தம் கணினியில் பிரதியெடுத்து, அந்தக் கோப்புறையையே சின்க்திங்கில் இணைக்கட்டும். இருபுறமும் ஒரே கோப்புகள் இருப்பதை அது ஒப்பிட்டு அறிந்து, மீண்டும் அனுப்பாது. அதன் பின் நீங்கள் சேர்ப்பதும் திருத்துவதும் மட்டுமே இணையத்தில் போகும். ஒரு கோப்பில் சிறு பகுதி மாறினால், பெரும்பாலும் அந்தப் பகுதி மட்டுமே போகும்.

இன்னொரு கவனம்: ஒருபுறம் அழித்தால் மறுபுறமும் அழியும். மூலக் காட்சிகளின் கோப்புறையை உங்கள் பக்கம் 'சென்ட் ஒன்லி' (அனுப்ப மட்டும்), எடிட்டர் பக்கம் 'ரிசீவ் ஒன்லி' (பெற மட்டும்) என்று அமையுங்கள். அவர் தவறுதலாக அழித்தாலும் உங்களிடமுள்ளது அப்படியே இருக்கும். நீங்கள் அழித்துவிடும் ஆபத்துக்கு, அவர் பக்கம் 'ஃபைல் வெர்ஷனிங்' வசதியை இயக்கச் சொல்லுங்கள். அழிந்தது தனிக் கோப்புறையில் தங்கும். எடிட் செய்து முடித்தவற்றுக்கு வேறொரு கோப்புறை திறந்து, இதே அமைப்பைத் தலைகீழாக வையுங்கள். இவ்வளவு செய்தாலும் சின்க்திங் காப்புப்பிரதி ஆகாது. ஆல்பம் கைமாறும் வரை மூலக் காட்சிகள் தனியொரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.

ஸ்டூடியோவுக்கே வரும் வாடிக்கையாளரின் கைத்தொலைபேசியில் படங்களை ஏற்ற, விளம்பரம் நிறைந்த பகிர்வுச் செயலிகளை விட்டு, லோக்கல்சென்ட் என்ற திறந்த மூலச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரிடமும் அது இருந்து, ஒரே வைஃபையிலோ ஹொட்ஸ்பொட்டிலோ இணைந்திருந்தால் போதும், டேட்டா செலவாகாது.