கடலுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள், யாரிடம் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கடலுக்குப் போகும் மண்பாதையில், புதிதாக வந்த ரிசார்ட்டுக்காரர்கள் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். வலையும் மீன்கூடையும் சுமப்பவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கிராம சபையில் சத்தம் போட்டோம், “பார்த்துக்கலாம்” என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?
– வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: சத்தம் போட்டீர்கள், சரி. அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா? ஏறவில்லை என்றால், அரசாங்கத்தைப் பொறுத்தவரை அன்றைக்கு நீங்கள் எதுவுமே கேட்கவில்லை. இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், பல ஊர்களில் நியாயமான கோரிக்கைகள் இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை உண்டு. அடுத்தது வருவதற்குள் கோரிக்கையை எழுதி, அந்தப் பாதையில் நடக்கிற எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தீர்மானத்தை எழுதி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்காத பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

“பாதையைத் திறக்க வேண்டும்” என்று மட்டும் எழுதினால் போதாது, சர்வே எண் வேண்டும். நிலம் அரசுடையதா, தனியாருடையதா என்று காட்டும் அ-பதிவேடும், நில அளவைப் படமான புலப்படமும் எடுத்துப் பாருங்கள், வி.ஏ.ஓ.விடம் கேட்டாலும் சொல்வார். பாதை புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது, 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றச் சொல்லித் தாசில்தாருக்கு மனு போடலாம். பட்டா நிலம் என்றால் சிரமம்தான், ஆனால் அப்போதும் விட்டுவிடாதீர்கள். கடலோரத்தில் எதைக் கட்டலாம், கட்டக் கூடாது என்று மத்திய அரசு வகுத்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், கடலோர விடுதிகளுக்கான நிபந்தனைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: வேலி போட்டாலும் பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது, இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும். உங்கள் ஊர் ரிசார்ட்டுக்கு அனுமதி இருக்கிறதா, என்ன நிபந்தனையோடு கொடுத்தார்கள் என்று மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும்.

இதையெல்லாம் ஆற அமரச் செய்யாதீர்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டி வந்தால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள் கிடைக்கலாம், அவ்வளவுதான். அதனால் கேட் எந்தத் தேதியில் வந்தது என்பதை இப்போதே போட்டோவோடு எழுதி வையுங்கள்.

அப்புறம், கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவர்கள் வலை சுமப்பவர்களும் மீன் விற்கும் பெண்களும். காற்று வாங்கப் போகிறவர்கள் மட்டும் பேசினால் நாளைக்குப் பாதை திறக்கும், படகு நிறுத்துகிற இடம் பூங்காவாகிவிடும். சென்னை நொச்சிக்குப்பத்தில் 2023 ஏப்ரலில், லூப் சாலையோர மீன்கடைகளை அகற்ற வந்தபோது அந்த மக்கள் மறித்து நின்று கேட்டதும் இதைத்தான்: சாலை வருவதற்கு முன்பிருந்தே நாங்கள் இங்கே இருக்கிறோமே, எங்களை ஏன் கேட்கவில்லை?

கேள்வி: நாங்கள் மாநகராட்சிக்குள் இருக்கிறோம். எங்களுக்குக் கிராம சபை கிடையாதே?
– வாசகர், சென்னை

பதில்: உங்களுக்குப் பகுதி சபை உண்டு, ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து அந்தந்தப் பகுதி மக்களுக்கு நடத்தும் கூட்டம் அது. வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022இல் வந்தன, அந்த வருடம் நவம்பர் 1 அன்று மாநிலம் முழுக்கக் கூட்டமும் நடந்தது. பலருக்கு இது தெரியாது என்பது வருத்தமான விஷயம். வார்டு குழுவுக்குத் தலைவர் உங்கள் கவுன்சிலர்தான், எனவே அடுத்த கூட்டம் எப்போது என்று அவருக்கே எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, யார் வந்தார்கள், என்ன தீர்மானம் ஆனது என்று மாநகராட்சியிடம் தகவல் உரிமையில் கேளுங்கள். நடக்கவே இல்லை என்று எழுத்தில் பதில் வந்தால், அந்தக் காகிதத்தோடு ஆணையரிடம் போங்கள்.