தீப்பட்ட கான்கிரீட் சுவர்: பூசும் முன் தட்டிப் பாருங்கள்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தறிக்கூடத்தை ஒட்டிய நூல் கிடங்கு இரண்டு மணி நேரம் எரிந்தது. 6 அங்குல ஆர்.சி.சி. சுவரில் பூச்சு மட்டும்தான் உதிர்ந்திருக்கிறது. சுரண்டிவிட்டு மறுபடி பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: இப்போது பூசாதீர்கள். பூசிவிட்டால் பார்க்க வேண்டியதெல்லாம் மறைந்துவிடும்.

300 டிகிரி செல்சியஸ் வரை கான்கிரீட்டுக்குப் பெரிய சேதமில்லை. 500, 600-ஐத் தொட்டால் வலு ஏறக்குறையப் பாதியாகும், ஆறினாலும் திரும்பாது. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து 450 டிகிரி வாக்கில் சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. பிறகு காற்றின் ஈரம் பட்டாலே காளவாய்ச் சுண்ணாம்பு நீறுவது போல அது உப்பி, உள்ளுக்குள் விரிசல் விடும். தீ அணைந்து சில வாரங்கள் கழித்தும் சுவர் பலவீனமாவது இதனால்தான்.

சூடு எவ்வளவு ஆழம் போனது என்பதே கேள்வி. கடுமையான தீ இரண்டு மணி நேரம் நின்றால் 300 டிகிரி சுமார் 5, 6 செ.மீ. உள்ளே போயிருக்கும். உங்கள் சுவரே 15 செ.மீ.தான். 25 மி.மீ. கவரில் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) உள்ள கம்பி 600-ஐ நெருங்கியிருக்கும். டி.எம்.டி. கம்பியின் பலம் அதன் கடினமான வெளித்தோலில் இருக்கிறது. அந்தச் சூட்டுக்கு மேல் போனால் அது நிரந்தரமாக இளகிவிடும்.

குப்பையை வாரிக் கொட்டும் முன் அதைக் கிளறுங்கள். அலுமினியம் உருகிக் கிடந்தால் அந்த இடம் 660-ஐத் தாண்டியது. மோட்டாரின் செம்புச் சுருள் உருகியிருந்தால் 1,080-க்கு மேல்.

அடுத்து சுத்தியல். நல்ல கான்கிரீட் ‘டங்’கென்று கேட்கும், வெந்தது ‘டொப்’பென்று. டொப் கேட்ட இடத்தில் உளி வைத்து, ஜல்லி உதிராமல் உடையும் ஆழம் வரை கொத்தி அளந்து குறியுங்கள். வெந்த பகுதி இளஞ்சிவப்பாக மாறும் என்பார்கள். அது ஜல்லி, மணலில் உள்ள இரும்பைப் பொறுத்தது. நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லியில் நிறம் தெரியாமலும் போகலாம், அதை மட்டும் நம்பாதீர்கள். அடித்து எகிறும் அளவை வைத்து வலுவைக் காட்டும் ரீபவுண்ட் ஹாமரும் மேல்தோலைத்தான் சொல்லும். தீப்படாத சுவரிலும் அடித்து ஒப்பிடுங்கள்.

முடிவு சொல்வது கோர் சோதனை, அதாவது சுவரைத் துளைத்து உருளைத் துண்டு எடுத்துச் சோதிப்பது. கம்பி இருக்கும் இடத்தைக் கருவியால் கண்டறிந்து, அதைத் தவிர்த்து, 75 மி.மீ. விட்டத்தில் மூன்று இடங்களில் சுவரின் முழுக் கனத்துக்கும் எடுக்கச் சொல்லுங்கள். வளைந்த கம்பியில் ஒரு துண்டு வெட்டி இழுவைச் சோதனைக்குக் கொடுங்கள்.

தூக்குகுண்டு விட்டும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வெந்த சுவர் வளைந்திருக்கலாம். தாங்கும் தடிமன் குறைந்து, பாரமும் நடுவிலிருந்து விலகினால் ஆபத்து இரட்டிப்பு.

வெந்தது 2, 3 செ.மீ. மட்டுமென்றால் முட்டுக் கொடுத்து, பட்டை பட்டையாகக் கொத்தி எடுத்து, கம்பியைத் துலக்கி, வலைக்கம்பி கட்டி மைக்ரோ கான்கிரீட்டோ (பொடி ஜல்லிக் கலவை) கன்னைட்டோ (காற்றழுத்தத்தில் பீய்ச்சும் சிமெண்ட் கலவை) அடித்து, குறைந்தது 7 நாள் நீர் விடலாம். கம்பிக்குப் பின்னும் போயிருந்தால் பொறியாளர் கணக்குப் போடாமல் தொடாதீர்கள்.

சுவரைவிட மேல்தளம் மோசமாகியிருக்கும், அதன் அடிக்கம்பிக்குக் கவர் இன்னும் குறைவு. மேலே தண்ணீர்த் தொட்டி இருந்தால் இன்றே காலி செய்யுங்கள்.