கடன் முடிந்த காரை விற்று கரன்ட் கார் வாங்கலாமா?

கேள்வி: காட்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறேன், வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். பிள்ளையைப் பள்ளியில் விட்டுப் போவதையும் சேர்த்தால் தினம் 50 கி.மீ., மாதம் 24 நாள். 2017-இல் வாங்கிய பெட்ரோல் கார், கடன் முடிந்துவிட்டது, தொந்தரவில்லாமல் ஓடுகிறது. வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் கரன்ட் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர், ‘கரன்ட் காருக்கு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான், இதை விற்றுவிட்டு அதை வாங்கு, வருமான வரியும் குறையும்’ என்கிறார். மாற்றலாமா?

பதில்: வரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மின்வண்டிக் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம் என்ற வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவுச் சலுகை, 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். உங்கள் நண்பர் பழைய கதை பேசுகிறார்.

ஒரு ரூபாய்க் கணக்கு அப்படியில்லை, ஓரளவு சரிதான், ஆனால் உங்கள் மீட்டரைப் பார்க்காமல் சொன்னது. மாதம் 1,200 கி.மீ. ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் கூடும், 380 என்பது 720 ஆகும். நம்ம ஊர் கரன்ட் பில்லில் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே இருக்கும் ஸ்லாபின் விலையும் மாறிவிடும். 2024 ஜூலை கட்டணப்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய் கட்டியவர் அதற்கே 4.80 கட்டவேண்டும், 600-க்கு மேல் 9.65. அந்தக் கட்டணப்படி போட்டால் உங்கள் பில் சுமார் 1,080-லிருந்து 4,100-க்குப் போகும். ஆக காருக்கு மாதம் 1,500, கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய். இப்போது பெட்ரோலுக்கு, லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்தால், எப்படியும் 7,000 போகும். அதாவது மாதம் ஐந்தாயிரத்துச் சொச்சம் மிச்சம். இந்த இடத்தில்தான் எல்லோரும் மயங்கிவிடுகிறார்கள்!

பழைய கார் 3 லட்சத்துக்குப் போகிறது, புதியது 11 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 8 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் எடுத்தால் தவணை மாதம் 16,600. ஐந்தாயிரத்தை மிச்சம் பிடிக்க பதினாறாயிரம் கட்டுவதா? கார் நன்றாக ஓடும்வரை மாற்றாதீர்கள்.

அதற்காக மின்சாரக் காரே நஷ்டம் என்று நான் சொல்ல வரவில்லை. குடியாத்தத்தில் இருக்கும் என் மைத்துனர், பழைய கார் இன்ஜின் கையை விரித்தபிறகு எப்படியும் புதுக்கார் வாங்கியாகவேண்டும் என்ற நிலையில் மின்சாரக் கார் வாங்கினார், அவருக்கு அது சரியான முடிவு. அவர் ஒப்பிட்டது புதுப் பெட்ரோல் காரோடு. விலை வித்தியாசம் 3 லட்சம் என்றால் உங்களைப் போன்ற ஓட்டத்துக்கு அது நாலரை, ஐந்து வருடத்தில் திரும்பிவிடும், பேட்டரிக்கு 8 வருட வாரன்டி பல கம்பெனிகள் தருகின்றன. தினம் 10 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு ஜென்மத்துக்கும் நிமிராது.

உங்கள் கார் இனி ஓடாது என்று ஆகும் நாளில் இரண்டு பேரிடம் பேசிவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். ஒருவர் வீட்டுக்காரர்: 15 ஆம்பியர் பாயின்ட், ஒழுங்கான எர்த், கார் நிறுத்தும் இடம் வரை தனி ஒயர், இதற்கெல்லாம் அவர் சம்மதிக்கவேண்டும். நிழலும் பாருங்கள், மரமில்லா மலை சூழ்ந்த ஊர், மே மாத வெயிலில் பேட்டரி நாள் முழுக்க வேகுவது அதன் ஆயுசுக்கு ஆகாது. இன்னொருவர் உங்கள் கம்பெனி நிர்வாகி. ஷெட்டில் ஒரு பாயின்ட் கொடுத்து அங்கேயே சார்ஜ் போட விட்டால் உங்கள் வீட்டு பில் 500-ஐத் தொடவே தொடாது. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பி வாங்கினால் லாபத்தில் கணிசமான பகுதி அங்கேயே போய்விடும்.

அப்புறம், அந்த நண்பர் திருவலம் வழியில் குடியிருக்கிறாரா? அப்படியென்றால் நாளையிலிருந்து அவரையும் ஏற்றிக்கொண்டு பெட்ரோலைப் பாதிப்பாதி போட்டுக்கொள்ளுங்கள், தவணை இல்லாமலே மாதம் மூவாயிரத்துக்கு மேல் கையில் நிற்கும்.