மதர்போர்டு மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் குறித்த நேரத்தில் தானாக ஆன் ஆகவில்லையே, ஏன்?

தினமும் காலை 6 மணிக்குத் தானே ஆன் ஆகும்படி வைப்பதை பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் இயங்கும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) 'ஆர்டிசி அலாரம்', அதாவது போர்டிலுள்ள கடிகாரத்தின் அலாரம், என்பார்கள். சில போர்டுகளில் வேறு பெயரில், பவர் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். இந்த அமைப்பு ஹார்ட் டிஸ்கிலோ விண்டோஸிலோ இல்லை, மதர்போர்டிலேயே இருக்கிறது. போர்டு போனால் அதுவும் போச்சு. புதிய போர்டில் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள்.

அலாரம் வைத்தும் எழவில்லையா? பயாஸில் 'இஆர்பி' என்ற மின்சிக்கன அமைப்பைப் பாருங்கள். வீடே தூங்கினாலும் வாட்ச்மேன் விழித்திருப்பது போல, ஷட்டவுன் ஆன பிறகும் போர்டுக்கு 5 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். இஆர்பி வாட்ச்மேனையும் வீட்டுக்கு அனுப்பிவிடும்; பிறகு யார் எழுப்புவது? அதை அணைத்துவிடுங்கள். சுவரில் இருக்கும் சுவிட்சை இரவில் அணைக்கும் பழக்கம் இருந்தாலும் இதே கதிதான்.

நேரம் தவறி எழுந்தால் பயாஸ் கடிகாரத்தைச் சரிபாருங்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தால், அது பெரும்பாலும் அதில் உலகப் பொது நேரத்தை (யுடிசி) வைக்கும். அப்படி இருந்தால், இந்தியாவில் அலாரத்தை 6:00 என்று வைத்தால் 11:30க்குத்தான் எழும். 00:30 என்று வைக்க வேண்டும். கடிகாரம் அடிக்கடி பின்தங்கினால் போர்டிலுள்ள நாணய வடிவ பேட்டரியை, பெரும்பாலும் சிஆர்2032, மாற்றிப் பாருங்கள்.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஸ்லீப்பில் இருக்கும் கம்ப்யூட்டரை எழுப்பும், முழுதாக ஷட்டவுன் செய்ததை எழுப்பாது.