குன்றின் பெயர் சண்டு

கேள்வி: சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது புக்கிட் சண்டு நினைவகத்தைப் பார்த்தேன். சண்டு என்றால் அபினாமே! போதைப்பொருள் கடத்தினால் தூக்கில் போடுகிற ஊரில் ஒரு குன்றுக்கு இப்படிப் பெயரா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நினைவகம் 1942 பிப்ரவரியில் அங்கே சண்டையிட்டு மடிந்த மலாய்ப் படையினருக்காக. பெயர் மட்டும் அபினுடையதுதான் அம்மா. மலாயில் புக்கிட் என்றால் குன்று. புகைப்பதற்காகக் காய்ச்சிய அபின், சண்டு. அடிவாரத்தில் சண்டு ஆலை இருந்தது. நடத்தியது சாட்சாத் பிரிட்டிஷ் சர்க்கார்! குத்தகைக்கு விட்டிருந்த வியாபாரத்தை 1910-இல் தானே எடுத்துக்கொண்டது. கங்கைக் கரை விவசாயி கசகசாச் செடியின் காயைக் கீறியெடுத்த பால் கல்கத்தாவில் பெட்டி பெட்டியாக ஏலம் போய்க் கப்பலேறிய காலமும் உண்டு. புகைத்தவர்களில் பெரும்பாலோர் சீனக் கூலிகள், ரிக்‌ஷா இழுத்தவர்கள். உடம்பு வலிக்கு இழுக்கத் தொடங்கி, அப்புறம் இழுக்காவிட்டால் வலி. சில வருஷங்களில் அரசு வருமானத்தில் ஏறக்குறைய பாதி இந்தப் புகையில் வந்தது. தடை செய்ய மனம் வருமா? டாக்டர் சென் சு லான் 1933-இல் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கிப் பார்த்தார். முழுத் தடை 1946-இல்தான்.

நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆப்பெக் இருந்தார் (சீனத் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). தடைக்குப் பிறகும் ராத்திரியில் வெல்லம் தீய்ந்த மாதிரி வாசனை வரும். 1955-இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் சிகிச்சை நிலையம் திறந்தார்கள். முன்பு கப்பலில் வந்த நம்மாட்களைத் தொற்றுநோய்க்குப் பயந்து இறக்கி வைத்திருந்த அதே தீவு. இந்த முறை அபின் புகைத்து மாட்டியவர்களை ஜெயிலுக்குப் பதிலாக அங்கே அனுப்பினார்கள். சிகிச்சையோடு கைத்தொழிலும் உண்டு. நீங்கள் சொல்லும் தூக்குச் சட்டம் ஹெராயின் நுழைந்த பிறகு, 1975-இல் வந்தது. 1977-இல் போலீஸ் வேட்டையாடிப் பிடித்த இளைஞர்களுக்கு மாற்று மருந்துகூடக் கிடையாது. நடுங்கியே தெளிய வேண்டும். அதைப் பார்த்தால் தீவு எவ்வளவோ தேவலை.

ஆப்பெக்கும் தீவுக்குப் போனார். தச்சு கற்றுத் திரும்பி, அம்மாவுக்கு ஒரு முக்காலி செய்து கொடுத்தார். ஒரு கால் குட்டை. சில மாதத்தில் மறுபடி அந்த வாசனை. அம்மா முணுமுணுத்தபடி சன்னலைச் சாத்தினாள். பிறகு குட்டைக் காலுக்கு அட்டையை மடித்து வைத்து, அதே முக்காலியில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள்.