ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை கொண்ட உபுண்டு சர்வர் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் டிஸ்க் செக் ஓடுகிறது. அடியோடு நிறுத்துவது எப்படி?

நிறுத்தலாம், ஆனால் அடியோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பார்ட்டிஷனை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், வரியின் ஆறாவது இடத்திலுள்ள எண்ணை 0 ஆக்கிவிடும்படி யாரேனும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நானும் அதைச் செய்து பட்டவன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் சென்ட்ஓஎஸ் 5 லினக்ஸ் சர்வர்கள் என் பொறுப்பில் இருந்தன. அவற்றில் ஒன்று, ஸ்கேன் செய்த பில்களை லட்சக்கணக்கில் சுமந்திருந்த 3 டெராபைட் ஈஎக்ஸ்டி3 (ஈஎக்ஸ்டி4-க்கு முந்தையது) பார்ட்டிஷன் கொண்டது. 412 நாட்களாக நிற்காமல் ஓடிய அந்தச் சர்வரை, பத்து நிமிட வேலை என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்குக் கெர்னல் புதுப்பிப்புக்காக ரீபூட் செய்தேன். அக்காலத்தில் ஈஎக்ஸ்டி3 உருவாக்கும்போதே, 180 நாட்கள் கழிந்தாலோ இருபதுக்கும் மேற்பட்ட ஏதோவொரு எண்ணிக்கையில் மவுன்ட் ஆனாலோ (பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டாலோ) முழுச் சோதனை ஓட வேண்டும் என்ற ஏற்பாடு தானாகவே பதிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. திரையில் சதவீதம் 41.2 என்ற இடத்தில் அரைமணி நேரம் அசையாமல் நின்றது. லாகின் வந்தபோது விடியற்காலை நாலே முக்கால். திங்களன்று என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். 412 நாட்கள் ஓடியதற்கு எவரும் எதுவும் கேட்டதில்லை.

அந்த ஆத்திரத்தில் எல்லாச் சர்வர்களிலும் ஆறாவது எண்ணை 0 ஆக்கினேன். எட்டு மாதம் கழித்து ஒரு மின்வெட்டில் யுபிஎஸ் கைவிட்டது. சர்வர் மீண்டும் துவங்கிய பின் கெர்னல் ஒரு பிழையைக் கண்டு கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கில் குறித்து வைத்தது. அடுத்த ரீபூட்டில் அந்தக் குறியைப் பார்த்து எஃப்எஸ்சிகே (டிஸ்க் செக் செய்யும் நிரல்) ஓடியிருக்க வேண்டும்; நான்தான் அதை வரவே விடவில்லையே. பிழையுடன் மவுன்ட் செய்வதாகக் கெர்னல் எழுதிய ஒற்றை வரி லாகில் கிடந்தது, நான் பார்க்கவில்லை. மூன்று வாரம் அப்படியே ஓடி, பேக்கப்பிலும் பழுதான கோப்புகளே ஏறின. கடைசியில் கையால் எஃப்எஸ்சிகே ஓட்டியபோது பெயர் இழந்து மீட்கப்பட்ட கோப்புகள் சேரும் லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவு நிறைய #1835021 போன்ற பெயர்களில் பில்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, பில் எண்ணைப் படித்துப் பெயரிட ஒன்பது நாட்களாயின.

காலக்கெடுச் சோதனை வேறு, பிழைக்குறி பார்த்து ஓடும் சோதனை வேறு. முன்னதை நிறுத்த கோப்பு முறைமையின் அமைப்புகளை மாற்றும் டியூன்2எஃப்எஸ் கட்டளையில் சிறிய எழுத்து ‘சி’க்கும் (மவுன்ட் உச்சவரம்பு) ‘ஐ’க்கும் (நாள் இடைவெளி) 0 கொடுத்தால் போதும் (பெரிய எழுத்து ‘சி’ இப்போதைய எண்ணிக்கையை மட்டுமே மாற்றும்). எஃப்எஸ்டேப்பின் ஆறாவது எண் ரூட் பார்ட்டிஷனுக்கு 1, மற்றவற்றுக்கு 2 என்றே இருக்கட்டும். கோப்பு முறைமை சுத்தமாக இருந்தால் அந்தச் சோதனை ஒரு நொடியில் முடிந்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கலாம். அங்கே துவக்கத்தின்போது எஃப்எஸ்சிகே இயல்பாக ஒன்றும் செய்யாது என்பதை அறிவேன், ஆனால் கேள்வி ஈஎக்ஸ்டி4 பற்றியது.

ஈஎக்ஸ்டி கோப்பு முறைமைகளுக்கான கருவித் தொகுப்பான ஈ2எஃப்எஸ்புராக்ஸின் 2011-இல் வந்த 1.42 பதிப்பு முதல், புதிதாக உருவாக்கும் கோப்பு முறைமைகளில் காலக்கெடுச் சோதனை இயல்பாகவே அணைந்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடுகிறதென்றால் காரணம் வேறாக இருக்கலாம். உங்களுடையது பழைய இயந்திரமாகத்தான் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் இணைத்துத் துவக்கி, பயாஸில் (துவக்கத்தில் வரும் அமைப்புத் திரை) தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போயிருந்தால், கடைசியாக மவுன்ட் ஆன நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக எஃப்எஸ்சிகேவுக்குத் தோன்றும். அதையே பிழையாகக் கொண்டு அது முழுச் சோதனையில் இறங்கிவிடும். பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றினால் தீர்ந்துவிடும். தேதி சரியாகவே இருந்தால், டியூன்2எஃப்எஸ் சிறிய எழுத்து ‘எல்’ கொடுத்து வரும் விவரங்களில் கோப்பு முறைமையின் நிலை, மவுன்ட் எண்ணிக்கை, அதன் உச்சவரம்பு, கடைசிச் சோதனைத் தேதி ஆகிய நான்கு வரிகளையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.