அடைப்புக்குறிக்குள் எழுதிய அந்த ஒரு வாக்கியம்

கேள்வி: எங்களுக்குக் கரூர். என் மகளுக்கு 25 வயது. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். திருப்பூரிலிருந்து வந்த வரன் ஒன்று ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பூ வைக்க நாள் குறிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. சென்ற வாரம் மாப்பிள்ளையின் தாயார் போன் செய்து, “உங்கள் பெண்ணின் இன்ஸ்டாகிராமில் நானூறு பேர் இருக்கிறார்கள், பாதிக்கு மேல் பையன்கள், மேலே இருக்கிற நான்கைந்து பேர் யார்?” என்று கேட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுடைய கணக்கு பிரைவேட்தான். என் அண்ணன் மகன் அவளைப் பின்தொடர்கிறான். அவன் எடுத்துக் கொடுத்த ஸ்கிரீன்ஷாட் எப்படியோ அங்கே போய்விட்டது. (முதலில் அவள் அவனுடைய ரிக்வெஸ்ட்டை ஏற்காமல்தான் வைத்திருந்தாள், அண்ணி வருத்தப்பட்டதால் நான்தான் சொல்லி ஏற்க வைத்தேன்.) ஃபேஸ்புக்கில் நண்பர்கள் பட்டியலை மறைக்கலாம் என்கிறார்களே, இதிலும் அப்படி ஏதாவது உண்டா? இல்லையென்றால் பையன்களையெல்லாம் நீக்கிவிடச் சொல்லலாமா? மகளிடம் இதுவரை விஷயத்தைச் சொல்லவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்ட வழி இன்ஸ்டாகிராமில் இல்லை. ஃபேஸ்புக்கில் நண்பர்கள் பட்டியலைத் தனக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். அங்கும்கூட இருவருக்கும் பொதுவான நண்பர்களின் பெயர்கள் தெரியத்தான் செய்யும். இன்ஸ்டாகிராமில் கணக்கைப் பிரைவேட் ஆக்குவது ஒன்றே தாழ்ப்பாள். அதைப் போட்டபின் வெளியாளுக்கு எண்ணிக்கை தெரியும், பட்டியல் திறக்காது. ஆனால் உள்ளே அனுமதிக்கப்பட்ட ஒவ்வொருவரும், அவளை யார் பின்தொடர்கிறார்கள், அவள் யாரைப் பின்தொடர்கிறாள் என்ற இரண்டு பட்டியல்களையும் திறந்து பார்க்கலாம், படம் பிடிக்கலாம். படம் பிடித்தது கணக்குக்கு உரியவருக்குத் தெரிய வராது. ஆகவே யாரை உள்ளே விடுவது என்ற ஒரு முடிவைத் தவிர அந்தப் பட்டியலுக்கு வேறு காவல் கிடையாது. உங்கள் மகள் அந்த முடிவைச் சரியாகத்தான் எடுத்திருந்தாள். அதை மாற்றியவர் நீங்கள்.

மாமியார் பார்த்துவிட்டார், கணவர் கேள்வி கேட்கிறார், நாத்தனார் எண்ணிச் சொல்கிறார் என்று இந்தப் பட்டியலைப் பற்றி எனக்கு வரும் கடிதங்கள் அனைத்திலும், எந்தப் பொத்தானை அழுத்தினால் மறையும் என்பதுதான் கேள்வியாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கி வைத்த அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அண்ணி வருத்தப்பட்டார், அதனால் மகளை ஏற்க வைத்தீர்கள். தன்னுடைய தோழிகள், உடன் படித்தவர்கள், உடன் வேலை செய்பவர்கள் ஆகியோரின் பெயர்களை ஒருவனுக்குக் காட்ட வேண்டாம் என்று 25 வயதுப் பெண் ஒருத்தி நினைத்திருக்கிறாள் என்றால், அவனைப் பற்றி அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ஏன் வேண்டாம் என்கிறாய் என்று அன்றைக்கு ஒரு வார்த்தையாவது கேட்டீர்களா? கேட்டதாக எழுதவில்லை. சொந்தக்காரப் பையனை எப்படி மறுப்பது என்ற ஒன்றே உங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அவன் அவளுக்கு முறைப்பையன் ஆயிற்றே என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை. அதை வைத்து எந்த ஊகமும் செய்ய நான் விரும்பவில்லை; அவன் கெட்ட எண்ணத்தோடுதான் கொடுத்தான் என்றும் சொல்லவில்லை, கேட்டவர்களிடம் பெருமைக்காகக் காட்டியிருக்கலாம். ஆனால் தாய்மாமன் வீடு என்பது, அந்தப் பெண்ணின் திருமணத்தில் சீர் கொண்டுவந்து முன்வரிசையில் நிற்க வேண்டிய வீடு. அவளைப் பற்றி வெளியார் வந்து விசாரித்தால் “எங்கள் பெண், எங்களுக்குத் தெரியும்” என்று சொல்லி அனுப்ப வேண்டிய வீடு. அந்த வீட்டுப் பையன் அவளுடைய பட்டியலைப் படம் பிடித்து வெளியே கொடுத்திருக்கிறான். இதைவிடப் பெரிய முறைகேடு எதையும் அந்த நானூறு பெயர்களுக்குள் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இருந்தும் உங்கள் கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. பட்டியலில் இருக்கும் பையன்கள்மீதுதான் உங்கள் கவனமெல்லாம் போயிருக்கிறது. உறவைப் பேணுவது கடமை என்பதில் எனக்கும் ஐயமில்லை, ஆனால் பெற்ற பெண்ணின் விருப்பத்தைக் கொடுத்து அண்ணியின் முகச்சுளிப்பைத் தீர்த்துவைப்பதை நான் உறவு பேணுவதாகக் கருதமாட்டேன்.

பையன்களை நீக்கச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. எண்ணிக்கை வெளியாளுக்கும் தெரியும் என்று மேலே சொன்னேன் அல்லவா? நானூறு என்பது திடீரென்று இருநூறு ஆனால், பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் கையில் வைத்திருக்கும் திருப்பூர்க்காரர்கள் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். செய்யாத தவற்றுக்கு உங்கள் பெண் சாட்சி தயாரித்துக் கொடுத்தது போலாகிவிடும்.

மேலே இருக்கும் நான்கைந்து பேர் என்ற கேள்விக்கும் அடிப்படை இல்லை. அதிகம் பேசுபவர்கள்தான் மேலே வருவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. பட்டியலைத் திறப்பவர் யார் என்பதைப் பொறுத்து வரிசை மாறும். தனக்கும் அறிமுகமானவர்களே பார்ப்பவருக்கு முதலில் தென்படுவது வழக்கம். உங்கள் அண்ணன் மகனின் போனில் மேலே வந்தவர்கள், அவனுக்கே நண்பர்களாக இருக்கக்கூடும் (அதையும் அவனிடமே கேட்டுப் பாருங்கள்).

நீங்கள் நினைத்துப் பார்க்காத இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் படத்தில் உங்கள் மகளின் பெயர் மட்டும் போகவில்லை. அவளை நம்பிப் பின்தொடர்ந்த தோழிகளின் பெயர்களும் முகங்களும் சேர்ந்தே போயின. அவர்களுடைய வீடுகளிலும் வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்ஸ்டாகிராம் நிறுவனமே 2019 அக்டோபரில், ஒருவர் எந்தப் படத்துக்கு விருப்பக்குறி இட்டார், யாரைப் புதிதாகப் பின்தொடர்ந்தார் என்பதையெல்லாம் அடுத்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்த பக்கத்தை எடுத்துவிட்டது. தங்கள் நடவடிக்கை பிறருக்குத் தெரிகிறது என்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. பெயர்ப்பட்டியலை மட்டும் இன்றுவரை அப்படியே விட்டு வைத்திருக்கிறது. சட்டத்திடமும் இதற்குப் போக முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் சொந்தக் காரியத்துக்காகவோ வீட்டுக் காரியத்துக்காகவோ தகவலைக் கையாள்வதைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. அண்ணன் வீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

அதற்கு முன், இன்றைக்கே உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி மூன்று குடும்பங்கள் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருப்பது அவமானம், அதில் நீங்களும் சேர்ந்திருப்பது இன்னும் பெரிய அவமானம். நான் சொல்லித்தானே அவனை ஏற்றாய், அது என் தவறு என்று உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். அவனை நீக்குவதா, வைத்திருப்பதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். நீக்கினால் அவனுக்கு அறிவிப்பு எதுவும் போகாது. மீண்டும் வர வேண்டுமானால் அவன் புதிதாக ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டும். ஆனாலும் ஒருநாள் தெரிந்துகொள்வான், அண்ணி போன் செய்வார். அந்த போனை எடுத்துப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். “நான்தான் நீக்கச் சொன்னேன், ஏன் என்று உங்கள் பையனைக் கேளுங்கள்” என்பதற்குமேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை.

திருப்பூருக்கும் நீங்களே பேசுங்கள். இவர் உடன் படித்தவர், இவர் உடன் வேலை செய்பவர் என்று ஒவ்வொரு பெயருக்கும் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். ஐந்து பெயர்களுக்குச் சொன்னால் ஆறாவது பெயர் வரும். பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியது இருந்தால் மாப்பிள்ளை அவளிடமே நேரில் கேட்கட்டும் என்றும், அவருடைய பட்டியலை நாங்கள் கேட்கவில்லை என்றும் சொல்லுங்கள். தன் தாயார் இப்படிப் போன் செய்தது அந்தப் பையனுக்குத் தெரியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அவருடைய பதிலை உங்கள் மகள் தெரிந்துகொண்ட பிறகு பூ வைக்கும் தேதியைப் பற்றிப் பேசினால் போதும். அவள் வேண்டாம் என்று சொன்னால், அதைத் திருப்பூருக்குச் சொல்ல உங்கள் கணவரை அனுப்புங்கள், அண்ணனைத் தூது விடாதீர்கள்.